நக்கிள்பால் பழகுவது எப்படி? சுழலாத பந்தைப் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "வயது 31. டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்தவரை கிரிக்கெட். இங்கே வந்தபின் அலுவலக நண்பர்களோடு வாரம் ஒரு நாள் பேஸ்பால். என்னால் வேகமாக எறிய முடியாது, எறிந்தால் தோள் வலிக்கிறது. நக்கிள்பாலுக்கு வேகம் தேவையில்லை என்கிறார்கள். இரண்டு மாதமாக யூடியூப் பார்த்து முயல்கிறேன், பந்து சுழன்றுகொண்டேதான் போகிறது. இந்த வயதில் இது வருமா? எப்படிப் பழகுவது?"

வரும். ஆனால் முதலில் தோளை மருத்துவரிடம் காட்டுங்கள். நக்கிள்பால் தோளுக்கும் முழங்கைக்கும் மற்ற எறிகளைவிட மென்மையானது என்பது உண்மைதான். அதற்காக, ஏற்கெனவே வலிக்கிற தோளோடு எதையும் பழக ஆரம்பிக்கக் கூடாது. வலி அடங்கிய பிறகு பந்தைத் தொடுங்கள்.

வயதைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். இந்தப் பந்தை நம்பி வாழ்ந்த ஹாய்ட் வில்ஹெல்ம் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் காலடி வைத்ததே 1952இல், 29 வயதில். அவர் கடைசியாக எறிந்தது 1972இல். ஐம்பது வயது நிறைய அப்போது சில நாட்களே பாக்கி. ஃபில் நீக்ரோ 48 வயதுவரை எறிந்தார். அவருடைய 318 வெற்றிகளில் 121 வெற்றிகள் நாற்பதைத் தொட்ட பிறகு வந்தவை. சார்லி ஹஃப் 46 வயதிலும் டிம் வேக்ஃபீல்டு 45 வயதிலும்தான் விடைபெற்றார்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறவர்கள் முப்பத்தைந்திலேயே முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் விளையாட்டு இது.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, "பந்து சுழன்றுகொண்டேதான் போகிறது" என்பது. நக்கிள்பால் பழகுவது என்றால் அந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதுதான். குறி, வேகம், ஆட்டத்தில் எப்போது எறிவது என்பதெல்லாம் அதன் பிறகு. நான் ஒன்பது ஆண்டுகளாக வார இறுதி ஆட்டங்களில் இதை எறிகிறேன். முதல் எட்டு மாதங்கள் சுழற்சியைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவே இல்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, நான் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

சுழற்சியை ஏன் இப்படித் துரத்த வேண்டும் என்று புரிந்துகொண்டால் கையும் சீக்கிரம் புரிந்துகொள்ளும். பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல்கள் இருக்கின்றன. சாதாரண வேகப்பந்து பிட்சரின் (எறிகிறவரின்) கையிலிருந்து, பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டைச் சேர ஏறக்குறைய 0.4 வினாடி ஆகிறது. அதற்குள் அது பதினைந்து முறை சுழன்றுவிடுகிறது. சாட்டையை உருவி விட்ட பம்பரம் வேகம் உச்சத்தில் இருக்கும்போது நின்ற இடத்தில் தூங்குமே, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். தையல் எல்லாப் பக்கமும் மாறி மாறி வருவதால், அது காற்றில் உண்டாக்கும் சலசலப்பு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கிறது. பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதைச் சுழற்சியின் திசை தீர்மானிக்கிறது. நல்ல பேட்டர் அதைக் கையிலிருந்து கிளம்பும்போதே படித்துவிடுவார்.

சுழற்சியை எடுத்துவிட்டால் கதை மாறுகிறது. தையல் ஒரு பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் வழவழப்பான தோல். தையலின் மேல் ஓடும் காற்று கலங்கி, பந்தின் முதுகுவரை ஒட்டிக்கொண்டு போகிறது. வழவழப்பான பக்கத்தில் காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு பந்தை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. பந்து மெதுவாகத் திரும்பத் திரும்பத் தையல் இடம் மாறுகிறது, தள்ளும் திசையும் மாறுகிறது. 1975இல் வாட்ஸ், சாயர் என்ற இருவர் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் பொருத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, இந்த விசையை அளந்து காட்டினார்கள்.

இங்கே நிறையப் பேர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. பந்து காற்றில் வலமும் இடமுமாகப் பாம்புபோல் நெளிந்து வருவதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நின்று எதிர்கொண்டால் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் மைதானங்களில் கேமரா பொருத்தி ஒவ்வொரு பந்தின் பாதையையும் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு, இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதன் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். நக்கிள்பாலின் பாதையும் மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே பெரும்பாலும் சீரான வளைவுதான் என்று கண்டார். வித்தியாசம் எங்கே என்றால், ஒரு பந்து வலது பக்கம் வளைந்தால் அடுத்தது இடது பக்கம், அதற்கடுத்தது வெறுமனே கீழே. எந்தப் பக்கம், எவ்வளவு என்று எறிந்தவருக்கே தெரியாது. பேட்டர் படிக்கச் சுழற்சி என்ற எழுத்தே அந்தப் பந்தில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் "என் பந்து நெளியவில்லையே" என்ற ஏமாற்றம் உங்களுக்கு வராது. நெளிய வைப்பது உங்கள் வேலையே அன்று.

இன்னொன்று. பந்து துளியும் திரும்பாமல் போனால் அதுவே சிறந்தது என்று எண்ண வேண்டாம். கையிலிருந்து பிளேட்வரை கால் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை சோம்பலாகத் திரும்பும் பந்துதான் அதிகம் ஏமாற்றுகிறது. தையல் இடம் மாற வேண்டுமே. ஒன்றரை, இரண்டு சுற்று என்று போனால் மந்திரம் கலைந்துவிடும்.

நம் ஊரில் வாலிபால் ஆடியிருந்தால் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையால் சுழற்சியில்லாமல் அடிக்கும் ஃப்ளோட் சர்வீஸ், வாங்குகிறவரின் கைக்கு வரும் நேரத்தில் விலகுவதற்குக் காரணமும் இதேதான். கிரிக்கெட்டில் 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் நக்கிள்பால் வீசினார். சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தில் டெவன் ஸ்மித்தின் ஸ்டம்பைச் சாய்த்தது அப்படியொரு பந்துதான். ஆனால் கிரிக்கெட்டில் அது முக்கியமாக வேகத்தைத் திருடும் தந்திரம். பந்து தரையில் குத்தி எழுவதால் காற்றில் விளையாட அதற்கு அதிக இடமில்லை. பேஸ்பாலில் பிட்சரிடமிருந்து பிளேட்வரை 18.44 மீட்டரும் காற்றுதான்.

இனி கை. நக்கிள் என்றால் விரல் முட்டி. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு எறிந்த எடி சிகாட் போன்றவர்கள் முட்டியைப் பந்தில் பதித்துப் பிடித்ததால் இந்தப் பெயர். இன்று யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. வேலை முழுவதும் நகத்துக்கு.

பந்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தையல் குதிரை லாடம்போல் வளையும் இடம் ஒன்று இருக்கும். அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே, தையலில் படாமல் வெறும் தோலில், ஆள்காட்டி விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் ஊன்றுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மோதிர விரல் மறுபக்கம், இரண்டும் பக்கவாட்டில் தாங்கலாக. சுண்டு விரலுக்கு வேலையில்லை. பந்து உள்ளங்கையைத் தொடக் கூடாது. நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். கை சிறியதாக இருந்தால் மூன்று நகங்களை ஊன்றிப் பார்க்கலாம், அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். எத்தனை அழுத்தம் என்றால், பழுத்த மாம்பழத்தைத் தோல் கிழியாமல் நகத்தால் பிடிக்கும் அளவு. இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை விறைத்துக்கொள்ளும். விறைத்த கை கடைசி நொடியில் கட்டாயம் உதறும்.

நகத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் நக்கிள்பால் எறிகிறவர்கள் சந்தித்தால் முதலில் ஒருவர் கையை மற்றவர் பார்ப்பது நகத்துக்காகத்தான். விரல் நுனியைத் தாண்டி நூலளவு நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பந்தில் சிக்கி ஒடியும், குறைந்தால் சதை தோலில் உராய்ந்து சுழற்சியைக் கொடுத்துவிடும். முனையை வளைவாக விடாமல் நேர்க்கோடாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் நகம் முழுவதும் ஒரே சமயத்தில் பந்தை விடும். நகவெட்டியால் வெட்டாதீர்கள், விளிம்பு பிளக்கும். உப்புத்தாள் ஒட்டிய தேய்ப்பான் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். பாத்திரம் கழுவிய கையோடு எறியப் போகாதீர்கள், ஊறிய நகம் மடங்கிவிடும். நகத்தைக் கெட்டியாக்கும் நிறமற்ற பூச்சு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வாரம் இருமுறை நான் பூசுகிறேன்.

1987இல் ஃபில்லின் தம்பி ஜோ நீக்ரோவுக்கு இந்தத் தேய்ப்பானால் பெரிய சிக்கல் வந்தது. நடுவர்கள் சோதனையிட வந்தபோது அது அவருடைய பையிலிருந்து தெறித்து விழுந்தது. பந்தைச் சுரண்ட வைத்திருந்ததாகக் கருதி அவரைப் பத்து நாள் விலக்கி வைத்தார்கள். நகம் தேய்க்க வைத்திருந்தேன் என்றார் அவர். அன்று உண்மையில் என்ன நடந்ததோ, நக்கிள்பால் எறிகிறவர் பையில் நகத் தேய்ப்பான் இருப்பதில் வியக்க ஒன்றுமில்லை.

எறியும் முறைக்கு வருவோம். நீங்கள் சிறுவயதிலிருந்து எறிந்த ஒவ்வொரு எறியிலும் கடைசியில் மணிக்கட்டு முன்னால் மடங்கி, விரல்கள் பந்தின் முதுகை வழித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அந்த வழிப்புதான் சுழற்சி. இப்போது அதை மறக்க வேண்டும். மணிக்கட்டைப் பூட்டிவிடுங்கள். சாத்தியிருக்கும் கதவை உள்ளங்கையால் தள்ளித் திறப்பதுபோல், கை பந்துக்குப் பின்னால் நேராக இருந்து, பந்தை இலக்கை நோக்கித் தள்ள வேண்டும். பந்து பிரியும் அந்தக் கணத்தில் மடங்கியிருந்த இரண்டு விரல்களும் லேசாக நீளும், அவ்வளவுதான். நகம், கட்டைவிரல், மோதிர விரல் எல்லாம் ஒரே நொடியில் விட வேண்டும். எது ஒன்று தாமதித்தாலும் பந்து அந்தப் பக்கம் உருளும்.

நீங்கள் சிக்கியிருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். எது தாமதிக்கிறது என்று யூடியூப் சொல்லாது. பந்துதான் சொல்லும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பந்து ஒன்றை எடுத்து, சரிபாதியைக் கறுப்பு மார்க்கரால் முழுக்கத் தீட்டுங்கள். கறுப்புப் பாதி மேலே இருக்கும்படி பிடித்து எறியுங்கள். அது உங்களை நோக்கிச் சாய்ந்து வந்தால் பந்து பின்புறமாகச் சுழல்கிறது: மணிக்கட்டு மடங்குகிறது, விரல் வழிக்கிறது. எதிராளியை நோக்கிச் சாய்ந்து போனால் முன்புறமாகச் சுழல்கிறது: விரல்களை அளவுக்கு மேல் நீட்டுகிறீர்கள், அல்லது கட்டைவிரல் கீழே பிடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் சரிந்தால் உள்ளங்கை இலக்கைப் பார்க்கவில்லை, அல்லது பக்க விரல்களில் ஒன்று அழுத்துகிறது. கறுப்பு மேலேயே நின்றபடி போனால், அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது.

எனக்கு அது முதன்முதலில் நடந்தது ஓர் அக்டோபர் மாலையில். பக்கத்து வீட்டுக்காரர் பூங்காவில் குந்தி உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். நாற்பதோ ஐம்பதோ எறிந்திருப்பேன், எல்லாம் உருண்டன. பிறகு ஒன்று கையை விட்டுப் போன உணர்வே இல்லாமல் போயிற்று. சிவப்புத் தையல் அத்தனையும் எனக்கு எண்ண முடிகிற தெளிவில் தெரிந்தது, அலமாரியில் வைத்த பந்துபோல. அவர் கையுறையைச் சரியாக மார்புக்கு நேரே வைத்திருந்தார். பந்து அவருடைய இடது முழங்காலில் மோதியது. வலியில் அவர் கத்தினார்; அடுத்த நொடி இருவரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். அதன் பிறகு அன்றைக்கு எறிந்த ஒன்றும் அப்படிப் போகவில்லை.

பயிற்சியை ஆறு மீட்டரில் தொடங்குங்கள். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, தோளையும் இடுப்பையும் மறந்து, முன்கையால் மட்டும் தள்ளுங்கள். ஒரு நாளைக்கு முப்பது எறி போதும். பத்தில் எத்தனை கறுப்பு நின்றது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஏழு தொட்டதும் எழுந்து நின்று அதே தூரம். பிறகு இரண்டு இரண்டு மீட்டராகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு முறை பின்னால் போகும்போதும் ஏழு மூன்றாக இறங்கும். அதுதான் இதன் இயல்பு, சோர்ந்து முன்னால் ஓடி வந்துவிடாதீர்கள். முழுத் தூரத்தை எட்ட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் எறிவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் எறிவது பலமடங்கு பலன் தரும், ஏனென்றால் இங்கே வளர வேண்டியது வலிமை இல்லை, விரலின் நினைவு.

முழுத் தூரத்துக்கு வந்ததும் உடம்பு தானாக வேகத்தைக் கூட்டப் பார்க்கும். விடாதீர்கள். காலடியைக் குறுக்குங்கள், உடம்பை நிமிர்த்தி வையுங்கள். கதவு நிலையின் வழியாக எறிவதாக நினைத்துக்கொண்டு கை, தோள், இடுப்பு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே போய் வர எறியுங்கள். உங்களால் முடிந்த வேகத்தில் முக்கால் பங்கு போதும். வேக்ஃபீல்டு மணிக்கு 105 கிலோமீட்டருக்கு அருகில் எறிந்தே 200 ஆட்டங்களை வென்றார்.

வேக்ஃபீல்டின் கதை உங்களுக்கு ஆறுதல் தரும். சிறுவயதில் அவருடைய அப்பா வேலை முடிந்து களைத்து வந்தபின் மகனோடு பந்து எறிவார். ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க நக்கிள்பாலாக எறிவார். தவறவிட்ட பந்தைத் துரத்தித் துரத்திப் பையன் அலுத்துவிடுவான். பையனோ அந்தப் பந்தையே கற்றுக்கொண்டுவிட்டான். 1988இல் பிட்ஸ்பர்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது முதல் பேஸில் நிற்கவும் அடிக்கவும்தான். அடிக்க வரவில்லை. வேடிக்கைக்காக அவர் எறிந்துகொண்டிருந்த நக்கிள்பாலை ஒரு பயிற்சியாளர் கவனித்ததால் பிட்சர் ஆனார். 1992இல் மேஜர் லீக்குக்கு வந்தார், கலக்கினார். பிறகு சுழற்சியை அடக்கும் கை தொலைந்துபோய், 1995இல் அந்த அணி அவரைக் கைவிட்டது. பாஸ்டன் அழைத்துக்கொண்டது. நீக்ரோ சகோதரர்கள் இருவரும் உடனிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு 16 வெற்றி, 8 தோல்வி.

அவருடைய ஆட்டத்தைக் காணொளியில் பார்த்துத்தான் ஜப்பானில் எரி யோஷிதா என்ற பள்ளி மாணவி நக்கிள்பால் பழகினார். 2008இல், 16 வயதில், ஆண்கள் ஆடும் ஒரு தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆண்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத உடல்வாகு என்பது அந்தப் பந்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. 2010இல் அமெரிக்கா வந்து வேக்ஃபீல்டிடமே நேரில் பாடம் கேட்டார்.

இவர்கள் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபில் நீக்ரோவுக்கு அவர் அப்பா, ஒஹையோவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வீட்டுத் தோட்டத்தில் கற்றுக்கொடுத்தார். வில்பர் வுட்டுக்கு வில்ஹெல்ம். ஆர்.ஏ. டிக்கிக்கு ஹஃப், வேக்ஃபீல்டு, ஃபில் நீக்ரோ என்று மூன்று பேர். அதில் வேக்ஃபீல்டு எதிரணியில் இருந்தபடியே உதவினார். எதிரணிக்காரருக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்வது வேறு எந்தப் பந்திலும் நடக்காது.

டிக்கியை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆடியவர். 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. மருத்துவப் பரிசோதனையில், வலது முழங்கையில் இருக்க வேண்டிய ஒரு தசைநார் அவருக்கு இல்லவே இல்லை என்று தெரிந்தது. தொகை 75,000 டாலராக இறங்கியது. பத்தாண்டுகள் சாதாரணப் பிட்சராகத் தட்டுத்தடுமாறி, பிறகு நக்கிள்பாலுக்கு மாறினார். 2006 ஏப்ரல் 6 அன்று ஆர்லிங்டனில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக எறியப் போனார். நான்கு இன்னிங்ஸ்கூட (பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) முழுதாக எறியவில்லை, அதற்குள் ஆறு ஹோம் ரன்கள், நம் சிக்ஸர் போன்ற அடிகள். சுழலும் நக்கிள்பால் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் அந்த ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மெதுவாக, நேராக, மார்புக்கு நேரே மிதந்து வரும் பந்து அது. பேட்டருக்கு வைத்த விருந்து. மறுபடி கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2012இல், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றி, 230 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் பேட்டர் ஆட்டமிழப்பது). ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்ற முதல் நக்கிள்பால் பிட்சர் அவர்தான். அவர் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி எறிந்தார், ஆனால் நீங்கள் அதைப் பார்த்து வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சுழற்சியை அடக்கிய பிறகு சேர்த்த வேகம் அது.

அந்த ஆறு ஹோம் ரன்கள் உங்களுக்கும் நடக்கும். எனக்கு ஒரே இன்னிங்ஸில் ஒன்பது ரன் போன நாள் உண்டு. காற்று முதுகுப்பக்கமிருந்து வீசியது, ஒரு நகம் ஒடிந்திருந்தது, அதைச் சொல்லாமல் எறிந்துகொண்டே இருந்தேன். அதிலிருந்து கற்றது, பந்து உருள்கிறது என்று தெரிந்த உடனே கேட்சரை (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரை) அழைத்துச் சொல்லிவிட்டு, சில பந்துகள் சாதாரணமாக எறிந்து, கையை உலர்த்தி, நகத்தைப் பார்த்து, பிறகு தொடர வேண்டும். எதிர்க்காற்று உள்ள நாளில் மட்டும் கவலையில்லாமல் எறியுங்கள். அன்று பந்து நன்றாகவே விளையாடும்.

சாதாரண வேகப்பந்தையும் கைவிடாதீர்கள். மூன்று பந்து குறி தவறிய பிறகு ஒரு ஸ்ட்ரைக் (குறிக்குள் போகும் பந்து) கட்டாயம் வேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் வரும். 2023இல் சான் டியாகோ அணிக்கு வந்த மேட் வால்ட்ரன் நக்கிள்பாலை மற்றப் பந்துகளோடு கலந்துதான் எறிகிறார். ஃபில் நீக்ரோ தன் 300ஆவது வெற்றியை 1985 அக்டோபர் 6 அன்று டொராண்டோவில் பெற்றார். அந்த ஆட்டம் முழுவதும் நக்கிள்பாலைத் தொடவே இல்லை. கடைசி பேட்டர் வந்தபோதுதான், இத்தனை ஆண்டுகள் தன்னைத் தூக்கிச் சுமந்த பந்தை எடுத்து எறிந்து ஆட்டத்தை முடித்தார். அப்போது அவருக்கு 46 வயது. நோயுற்றிருந்த அப்பாவுக்கு அதைவிட என்ன கொடுத்திருக்க முடியும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இனிக் கேட்சர். இவ்வளவும் சொல்லிவிட்டு அவரை மறந்தால் உங்கள் முயற்சி இரண்டு வாரத்தில் நின்றுவிடும், ஏனென்றால் உங்களோடு எறிய யாரும் வர மாட்டார்கள். 1960இல் வில்ஹெல்முக்காக பால்டிமோர் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் பெரிய கையுறை ஒன்றையே புதிதாகச் செய்வித்தார். பிறகு விதி வந்து அளவைக் கட்டுப்படுத்தியது. 2005 டிசம்பரில் பாஸ்டன் அணி, வேக்ஃபீல்டின் பந்தைப் பிடித்துப் பழகிய டக் மிராபெல்லியை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. புதிதாக வந்தவர் ஒரே மாதத்தில் பத்துப் பந்துகளைத் தவறவிட்டார். 2006 மே 1 அன்று மிராபெல்லியைத் திரும்ப வாங்கி, விமான நிலையத்திலிருந்து போலீஸ் வாகனத்தில் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே அவர் சீருடை மாற்றிக்கொண்டார். 1967இல் ஃபில் நீக்ரோவுக்குக் கேட்சராக இருந்த பாப் யூக்கர் 27 பந்துகளைத் தவறவிட்டார், லீக்கிலேயே அதிகம். ஆனால் எப்போதும் நக்கிள்பாலையே எறி, பிடிப்பது என் பாடு என்று நீக்ரோவிடம் சொன்னவரும் அவர்தான். அப்படி ஒருவர் எதிரில் இருந்ததால்தான் நீக்ரோ நீக்ரோ ஆனார் என்பது என் எண்ணம்.

உங்கள் கேட்சரிடம் சொல்ல வேண்டியது, பந்தைத் தேடிக் கையை நீட்டாமல் காத்திருக்க வேண்டும், கையுறை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், பந்து வந்து சேரும் கடைசி நொடியில்தான் கை நகர வேண்டும் என்பது. சாஃப்ட்பால் கேட்சர்களின் மிட் (கையுறை) பெரியது, வாய் அகன்றது. பயிற்சிக்கு அதை வாங்கிக் கொடுங்கள். முகமூடியும் முழங்கால் காப்பும் உங்கள் செலவாகவே இருக்கட்டும், ஆறு மீட்டரில் எறியும் முதல் நாளிலிருந்தே அவர் அதைப் போட்டுக்கொள்ளட்டும். என் பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் மழைக்காலத்தில் அந்த முழங்காலைத் தடவிக்கொள்கிறார்.